அதே உடம்பில் திரும்பி வந்தவர்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் என்னை "இங்க வாம்மா" என்று கூப்பிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து அவர் வாயில் எனக்கு "ஏய்" என்பதுதான் பெயர். கோபமாக இருந்தால் அதுவும் கிடையாது, வெறும் சொடக்கு. எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் சொடக்குத்தான். அப்படிப்பட்டவர் தலையில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததற்கு, "உக்காரும்மா, காலைலேந்து நின்னுகினே இருக்கே" என்றார். நான் உட்காரவில்லை. சமையலறைக்குள் போய், கதவோரமாக நின்று அவரைப் பார்த்தேன்.

ஆரணியில் எங்கள் வீட்டின் முன்பாதி முழுக்கத் தறிதான். பட்டும் ஜரிகையும் வாங்கி, எங்கள் தறியிலும் வெளியூர் நெசவாளர் வீடுகளிலும் சேலை நெய்யவைத்து, காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய தொழில். நெசவாளர்களுக்கு அவர் "மொதலாளி". அவருடைய கோபம் நாலு தெருவுக்குத் தெரியும். முந்தானையில் நிறம் ஒரு சாயல் தப்பியிருந்தது என்று நெய்து முடித்த சேலையை நெய்தவரின் கண்ணெதிரே கத்தரியால் கிழித்தவர். அடித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அடிக்காமலே ஒரு வீட்டைப் பயத்தில் வைத்திருக்க முடியும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது.

கண்ணமங்கலத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குத் தறியில் பூட்டும் பாவு நூலைக் கொடுத்துவிட்டு வண்டியில் திரும்பும்போது, நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியிருக்கிறது. ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். பல நாள் கண்ணே திறக்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இந்த எடத்துக்குப் பின்னால அடிபட்டிருக்கும்மா. உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா குணம் மாறலாம். பெரும்பாலும் கோபம் ஜாஸ்தியாகும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுவாங்க. நீங்கதான் பொறுத்துக்கணும்."

ஜாஸ்தியாவதற்கு இனி இடம் எங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குத்தான் என்னைத் தயார்செய்துகொண்டிருந்தேன். அதனால்தான் அந்த "வாம்மா" என்னைப் பயமுறுத்தியது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சிலருக்கு இப்படியும் ஆகும்மா. நல்லதுதானே?"

நல்லதுதான். ஆனால் எனக்கு அந்த நல்லதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மருத்துவமனையில் அவருக்குப் பேச்சு திரும்பியதும், என்னிடமும் பக்கத்தில் நின்ற என் நாத்தனாரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எங்க? வேலை வுட்டு இன்னும் வரலயா?"

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பாப்பா என்று அவர் கேட்டது எங்கள் ஒரே மகளை. வேலூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனவள், அங்கே கூட வேலைபார்த்த ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். போளூர்க்காரன், வேறு சாதி. விபத்துக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. கல்யாணச் செய்தி வந்த அன்று இவர் கத்தவில்லை. அமைதியாக இருந்தார். மறுநாள் காலையில் எழுந்து, புரோகிதம் செய்யும் ஐயரைக் கூப்பிட்டனுப்பினார். வந்த ஐயர் விஷயத்தைக் கேட்டதும், "உசுரோட இருக்கறவங்களுக்கு நான் பண்ண மாட்டேங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் விடவில்லை. கமண்டல நாகநதியில் அப்போது மணல்தான் இருந்தது. கரையோரத் தோட்டத்தில் ஒரு பம்புசெட்டில் தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு தெரு வழியாக வந்து, வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க எள்ளும் தண்ணீரும் கையால் தாரைவார்த்தார். "எனக்கிருந்த பொண்ணு செத்துட்டா. இந்த ஊட்ல யாராவது அவ பேரச் சொன்னா அவங்களுக்கும் இதேதான்" என்றார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவர்களுக்கு விடும் தண்ணீர், உடம்பை விட்டுப்போன உயிரைத் தேடிப்போய்ச் சேரும் என்பார்கள். உயிர் உடம்பிலேயே இருந்து, போளூரில் சோறு வடித்துக்கொண்டிருப்பவளுக்கு விட்ட தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? அன்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்குள் இருந்தது. கோயிலுக்குப் போகிற சாக்கில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் காதில் ஒரு வார்த்தை போட்டதில்லை.

அப்படிப்பட்டவர் இப்போது எதுவும் நடக்காத மாதிரி "பாப்பா எங்க" என்று கேட்கிறார். நாத்தனார்தான் சமாளித்தார். "வருவா, நீ தூங்கு" என்றார்.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டாள்: "நீ நம்பறியாம்மா?"

"தெரியல."

"எனக்கு நம்பிக்க இல்ல. படுத்துகினு இருக்கும்போது பொண்ணு வேணும். ஆனா நான் பண்ணது தப்புன்னு சொல்ல வாய் வராது. மறந்துட்டேன்னு சொல்லிட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும் இல்ல? நானும் வந்துடுவேன், அவரும் எறங்கி வர வேணாம்."

"தலைல அடிபட்ட மனுசன் இவ்ளோ யோசிப்பாரா?"

"அவரு யோசிப்பாரு" என்றாள்.

அவள் வரவில்லை. வரச்சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அவள் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து நான் அவரைக் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

அவருக்குப் பிடிக்காத கத்தரிக்காய்க் குழம்பை வைத்தேன். முன்பென்றால் தட்டு பறக்கும். சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சும்மா" என்றார். பொய் சொல்கிறாரா, நாக்கே மாறிவிட்டதா என்று தெரியவில்லை. பழைய சண்டைகளைப் பேச்சுவாக்கில் எடுத்துப்போட்டேன். எந்த நெசவாளர் எப்போது கோபித்துக்கொண்டு போனார், அதில் யார் பக்கம் நியாயம், எல்லாம் சரியாகச் சொன்னார். எந்த வண்ணப் பட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் மறக்கவில்லை. மகள் விஷயத்தில் மட்டும் "பாப்பா இன்னும் வரலயா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளில் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டார். கேட்டதைவிடக் கேட்காமல் விட்டதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. உண்மையிலேயே மறந்தவர் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டாரா?

எங்கள் தறியில் உட்காரும் நெசவாளர் ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மொதலாளி திட்டறதே இல்லங்க. நெஜமாவே பயமா இருக்குது. பாவு அறுந்து போச்சுன்னு சொன்னா, பரவால்ல, பொறுமையா முடிச்சுப் போடுன்றாரு. இன்னா மனசுல வெச்சுகினு இருக்காருன்னு தெரியலங்க."

எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறது என்ற கவலை அன்றோடு போயிற்று.

நாத்தனாருக்குச் சந்தேகமே இல்லை. அவருக்குத் தெளிவான ஒரு முடிவு இருந்தது. "இது என் தம்பி இல்ல. அவன் உசுரு அந்த ரோட்லயே போயிடுச்சு. அங்க சுத்திகினு இருந்த வேற ஏதோ ஒண்ணு வந்து உள்ள குந்திகினு இருக்குது. சின்ன வயசுலேந்து எனக்குத் தெரியாதா அவன?" என்றார். படவேட்டு அம்மனிடம் கூட்டிக்கொண்டு போனால் தெரிந்துவிடும் என்று பிடிவாதம் பிடித்தார். எதற்கும் மறுப்புச் சொல்லாத இந்தப் புது மனிதர், "போலாமே" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

படவேட்டு அம்மனின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முனிவரின் மனைவி. ஆற்று மணலிலேயே குடம் செய்து தண்ணீர் எடுக்கும் அளவுக்கு மனக்கட்டுப்பாடு உள்ளவள். ஒரு கணம் மனம் சலனப்பட்டது, குடம் உடைந்தது. கணவன் மகனிடம் தலையை வெட்டச் சொன்னான். மகன் வெட்டினான். பிறகு அதே மகன் தாயின் உயிரை வரமாகத் திரும்ப வாங்கினான். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்கக் கூடாது என்றும் சேர்த்துக் கேட்டதாகச் சிலர் சொல்வார்கள். சன்னதியில் கூட்டத்தில் நிற்கும்போது எனக்கு அது உறைத்தது. வெட்டியவன்தான் மறதியை வரமாகக் கேட்டிருக்கிறான். வெட்டுப்பட்டவளை யாரும் கேட்கவில்லை. எழுந்து உட்கார்ந்தவள் மகன் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டு அவிழ்த்த தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. தழும்பு காது வரை இறங்கியிருந்தது.

குங்குமம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அவர் ஆடவுமில்லை, அலறவுமில்லை. வெளியில் வந்து, "பசிக்குது, இட்லி சாப்டலாமா?" என்றார். நாத்தனாருக்கு ஏமாற்றம்.

எங்கள் தெருப் பஜனைக் கோயிலில் புரட்டாசி மாதம் சொற்பொழிவுக்கு யாரையாவது அழைத்துவருவார்கள். வருடா வருடம் கேட்பேன். உடம்பு பிறக்கும், அழியும். மனசு குரங்கு மாதிரி தாவும். ஆத்மா எதிலும் ஒட்டாமல் சாட்சியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். தலையாட்டிக் கேட்டுவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அது எனக்குத் தேவைப்படும் என்று நினைத்ததே இல்லை. இப்போது துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதுதான் ஓடியது. என்னைச் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டது எது? உடம்பா, மனசா, ஆத்மாவா? டாக்டர் சொல்வதைப் பார்த்தால் அது நெற்றிக்குப் பின்னால் இருந்த கொஞ்சம் சதை. அந்தச் சதைக்குத்தான் இத்தனை வருடம் நான் பயந்து வாழ்ந்தேனா? அது அடிபட்டதும் இவர் நல்லவராகிவிட்டார் என்றால், இந்த நல்லவர் அதற்கு முன்னால் எங்கே இருந்தார்? உள்ளே இருந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாரா? அப்படியிருந்தால் அவர் மேல் எனக்கு இன்னும் அதிகக் கோபம் வந்தது.

அவருடைய அப்பாவின் திதி வந்தது. அதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மகளுக்குச் செய்ய மறுத்துப் போன அதே ஐயர்தான் வந்தார். கூடத்தில் தர்ப்பையைப் போட்டு இவரை உட்காரவைத்தார். கோத்திரம் கேட்டார், இவர் சொன்னார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள் கேட்டார். இவர் தயக்கமே இல்லாமல் வரிசையாகச் சொன்னார். ஐயரே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். நான் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். கொள்ளுத்தாத்தா பெயர் நினைவிருக்கிறவருக்குப் பெற்ற பெண்ணின் விஷயம் மறந்துபோகுமா?

அடுத்து எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். ஐயர் இவர் கையில் எள்ளை வைத்தார். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். விரலிடுக்கு வழியாகக் கொஞ்சம் இறங்கியது. அத்தோடு அவர் கை நின்றுவிட்டது. கையை இறுக மூடிக்கொண்டார். தண்ணீர் முழங்கை வழியாக ஓடி வேட்டியை நனைத்தது. ஐயர் மந்திரத்தைத் திரும்பச் சொன்னார். இவர் தன் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திறந்து, விட்டு முடித்தார்.

எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

காக்கைக்குச் சோறு வைத்து, இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டு, நாத்தனாரும் ஐயரும் புறப்பட்டுப் போன பிறகு வீடு அமைதியானது. தறிக்கு அன்று விடுமுறை. பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரே போய் நின்றேன்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்குது" என்றேன்.

"இன்னாது?"

"பாப்பாவுக்குத் தண்ணி வுட்டது."

அவர் தறியின் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "இருக்குது" என்றார்.

"எப்பத்துலேந்து?"

"ஆஸ்பத்திரியிலயே. மொதல்ல கேட்டப்ப நெஜமாவே தெரியல. அப்புறம் அக்கா மூஞ்சியப் பாத்தேன், உன் மூஞ்சியப் பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல? இத்தன நாளா மறந்த மாதிரி நடிச்சிகினு இருந்தீங்களா?"

"நடிக்கல. எப்டி சொல்றதுன்னு தெரியல." வார்த்தை தேடினார். அடிபட்ட பிறகு அவருக்கு அந்தச் சிரமம் உண்டு. "எல்லாம் ஞாபகம் இருக்குது. ஆனா நான் பண்ண மாதிரி இல்ல. யாரோ ஒருத்தன் வாசல்ல நின்னுகினு தண்ணி வுடறான், கத்தறான். நான் ஓரமா நின்னு அதப் பாத்துகினு இருந்த மாதிரி இருக்குது. அவனுக்கு ஏன் அவ்ளோ கோவம்னு இப்ப யோசிச்சா எனக்கே புரியல."

சொற்பொழிவில் கேட்ட அதே சாட்சி. எதிலும் ஒட்டாமல் ஓரமாக நிற்பவர். கேட்பதற்கு எவ்வளவு உயர்வாக இருந்த விஷயம், என் வீட்டுக் கூடத்தில் இவர் வாயிலிருந்து வந்தபோது நழுவிக்கொள்ளும் வழி மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குதுங்க" என்றேன். "கத்தினவன் கத்திட்டுப் போயிட்டான். நீங்க ஓரமா நின்னு பாத்தவரு. அப்ப நான் யாரப் போயி கேக்கறது? இத்தன வருசம் யாரு கூட குடும்பம் நடத்தினேன்? என் பொண்ணு யாருகிட்ட போயி ஏன் இப்டிப் பண்ணீங்கன்னு கேப்பா?"

அவரோடு வாழ்ந்த காலத்தில் நான் அப்படிக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"அது எனக்குத் தெரியல" என்றார். "நான் கோவப்பட்டேன், தப்புன்னு சொன்னா, பொய் சொல்ற மாதிரி இருக்குது. உள்ள அந்தக் கோவத்த தேடித் தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல." வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எள் ஒன்று உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "ஆனா தண்ணி வுட்டது இந்தக் கைதான. சொன்னது இந்த வாய்தான. மனசு மாறிடுச்சு, சரி. இது ரெண்டும் மாறல இல்ல. இதுங்க போயி மன்னிப்பு கேக்கட்டும்."

இதையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாரோ என்று ஒரு பக்கம் தோன்றியது. "எப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கே போலாம். ஞாயித்துக்கெழம தான, ரெண்டு பேரும் ஊட்ல இருப்பாங்க."

மகளுக்குச் சொல்லிவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். சொன்னால் வேண்டாம் என்பாள். சொல்லாமல் போனோம். போளூர் பஸ்ஸில் அவர் தழும்பு தெரியாமல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். அங்கே போய் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டேன். நான் சொல்லிக்கொடுத்தது என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையின் மாடியில் குடியிருந்தார்கள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, பின்னால் நின்றவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "வாம்மா" என்றாள். அவரை வாங்க என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து மாப்பிள்ளைதான் எழுந்து வந்து, "உள்ள வாங்க, ரெண்டு பேரும் வாங்க" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். இவர் உட்காரவில்லை. தலையிலிருந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, நீ உசுரோட இருக்கும்போதே உனக்கு எள்ளும் தண்ணியும் வுட்டேன். நீ செத்துட்டன்னு தெருவுல நின்னு சொன்னேன். பண்ணக் கூடாதது. பெரிய தப்பு" என்றார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "உங்களுக்கும்தான்" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல" என்றேன்.

"எல்லாம் மறந்துபோச்சுன்னு சொன்னாங்க" என்று அவரிடமே கேட்டாள்.

"மறக்கல" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நின்றிருந்தால் அவள் கதவைக் காட்டியிருப்பாள். அதற்குத் தயாராகத்தான் இருந்தாள், முகத்தில் தெரிந்தது. இப்போது அவளுக்கு என்ன செய்வது என்று புரியவில்லை.

"இந்தக் கோவம் இல்லாததெல்லாம் அடிபட்டதால வந்தது. காயம் ஆறி, கோவம் திரும்பி வந்துச்சுன்னா? அப்ப இன்னா பண்ணுவீங்க?"

"தெரியல பாப்பா."

"நான் மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன்."

"சரி."

"அங்க எல்லார் முன்னாலயும்தான் என்ன சாவடிச்சீங்க. இங்க மாடில வந்து தப்புன்னு சொன்னா யாருக்குத் தெரியும்? அந்தத் தெருவுல சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"நின்னுகினே இருக்காதீங்க. தலைல அடிபட்டவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் உட்கார்ந்தார். மாப்பிள்ளை டீ போட்டுக் கொண்டுவந்தார். கிளம்பும்போது அவள் என் காதில், "இன்னும் எனக்கு நம்பிக்க வரலம்மா" என்றாள். "எனக்கும்தான்" என்றேன். அதைச் சொன்ன பிறகு எங்கள் இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஆடி மாதத்தில் அவளும் மாப்பிள்ளையும் ஆரணிக்கு வந்தார்கள். அவரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. ஆட்டோ வேண்டாம் என்றார். நல்ல பகல் வெளிச்சத்தில், தெருவின் முனையிலிருந்து நடந்தே கூட்டிவந்தார். எதிரே வந்தவர்கள், வாசலில் நின்றவர்கள், ஜரிகைக் கடைக்காரர், அரிசி மில் ஆட்கள், ஒவ்வொருவரிடமும் நின்றார். "என் பொண்ணு, மருமகன். நான் அன்னிக்கிப் பண்ணது தப்பு" என்றார். ஒரே மாதிரி, சுருதி மாறாமல் சொன்னார். சிலர் கண் கலங்கினார்கள். ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டி, "பெரிய மனசு வேணும்யா இதுக்கு" என்றார். அவர் முகத்தில் அப்போது ஒரு பெருமிதம் படர்ந்ததை நான் பார்த்தேன். உடனே என் சந்தேகம் தலைதூக்கிவிட்டது. இதற்காகத்தானா? செய்த பாவத்துக்குக் கூலியாக ஊர்ப் பாராட்டையும் வாங்கிக்கொள்கிறாரா? மகளும் அதைக் கவனித்தாள். அவள் நடை மெதுவாயிற்று.

பஜனைக் கோயிலைத் தாண்டும்போது, எங்களுக்குத் தூரத்து உறவான ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இவர் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னார். அந்த ஆள் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "செத்தவ எழுந்து வந்துட்டா போல. அன்னிக்கி வுட்ட எள்ளும் தண்ணியும் வேஸ்டு."

"இன்னா சொன்ன?"

கேட்டது என் கணவர். அது அவருடைய பழைய குரல். நாலு தெருவுக்குத் தெரிந்த குரல். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு அடி முன்னால் போய்விட்டார். எதிரே இருந்த ஆள் உட்கார்ந்த இடத்திலேயே பின்னால் நகர்ந்தார்.

நான் அசையவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. இத்தனை மாதம் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்த அந்தச் சாந்தமான அந்நியரில், எனக்குத் தெரிந்த மனிதரை அப்போதுதான் கண்டேன். வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. யாரும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கவுமில்லை. அவரேதான். மகளைச் செத்தவள் என்று சொன்ன அதே கோபம், இப்போது அந்த வார்த்தையைச் சொன்னவன் மேல் திரும்பியிருக்கிறது.

மகள் போய் அவர் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா. போலாம்."

போளூரில் அவள் அவரை அப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இழுத்த இழுப்புக்கு வந்தார். வீடு வந்து சேரும் வரை தெருவில் வேறு யாரிடமும் நிற்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். "வந்துடுச்சு" என்றார் என்னிடம், யாரோ விருந்தாளி வந்ததைச் சொல்வது மாதிரி. "நிறுத்த முடியாதோன்னு பாத்தேன். இவ கூப்ட்டா, நின்னுடுச்சு."

மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட்டுவிட்டு மாலையில் போளூருக்குத் திரும்பினார்கள். இப்போது மாதம் ஒரு முறையாவது வருகிறார்கள். இரவு தங்குவதில்லை. தங்கச் சொல்லி நானும் கேட்பதில்லை, அதற்கு அவளுக்கு ஒரு காலம் வரும்.

அதற்கடுத்த பரிசோதனைக்கு வேலூர் போனபோது நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் யோசனையானது. "கோபம் திரும்ப ஆரம்பிக்குதுன்னா மாத்திரைய கொஞ்சம் கூட்டலாம்மா. அமைதியா வெச்சுக்கலாம்" என்றார்.

என் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த யாருக்கோ செருப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க டாக்டர்" என்றேன். "கோவம் கொஞ்சம் இருக்கட்டும்."

எவ்வளவு இருந்தால் கொஞ்சம் என்று டாக்டரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. அதைத்தான் இப்போதும் அவர் முகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.